மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறதே? மாடித்தோட்டக் கேள்வி பதில்

தக்காளி, மிளகாய், கத்தரி, கறிவேப்பிலை. மாடியில் பையிலும் தொட்டியிலும் வளர்ப்பவர்கள் அதிகம் கேட்பது இந்த நாலு செடிகளைப் பற்றித்தான். நன்றாக வளர்ந்துகொண்டிருந்தது, திடீரென இலை மஞ்சளாகித் தொங்குகிறது, என்ன செய்வது என்பார்கள். கேட்பதற்கு முன்பே பலர் எதையாவது கரைத்து ஊற்றியும் இருப்பார்கள். முதலில் எதையும் ஊற்றாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது. காரணம் கீழே வருகிறது.

மண்ணைத் தொட்டால் ஈரமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தண்ணீரே காணாத செடி மாதிரி வாடுகிறது. இது எப்படி?

வேருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. இலை பகலில் ஆக்சிஜனை வெளியே விடுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். வேரின் கதை வேறு. அது இருட்டில், மண்ணுக்குள், நம்மைப் போலவே ஆக்சிஜனை எடுத்துத்தான் வேலை செய்கிறது. மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில் அந்தக் காற்று இருக்கும். நாம் ஓயாமல் தண்ணீர் ஊற்றினால் அந்த இடைவெளியெல்லாம் நிரம்பிவிடும். தண்ணீர் வழியாக ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றின் வழியாகப் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. மண்ணில் மிச்சமிருந்த ஆக்சிஜனை வேரும் நுண்ணுயிர்களும் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். புதிதாக வந்து சேர வழி இருக்காது.

காற்று கிடைக்காத வேரின் செல்களுக்குள் அமிலத்தன்மை கூடும். அப்போது தண்ணீரை உள்ளே விடும் நுண்ணிய வாசல்கள் மூடிக்கொள்ளும். செடி நிற்பது தண்ணீரில், ஆனால் அதை இழுக்க முடியாது. மேலே வெயில் அடிக்கிறது, இலை வழியே நீர் போய்க்கொண்டே இருக்கிறது, கீழிருந்து ஏறி வரவில்லை. அதனால்தான் வாடுகிறது.

தக்காளியில் இன்னொன்றும் நடக்கும். திணறும் வேரிலிருந்து ஒரு வேதிப்பொருள் மேலே ஏறி, இலைப்பகுதியில் எத்திலீனாக மாறும். வாழைப்பழத்தைப் பழுக்க வைக்கும் அதே வாயுதான். அதனால் இலைக்காம்பு கீழ்நோக்கி வளைந்து, செடி குடையை மடக்கிய மாதிரி நிற்கும். தண்டின் அடியில் வெள்ளைப் புள்ளிகளாகப் புது வேர் முளைக்கப் பார்ப்பதையும் காணலாம். கீழே காற்றில்லை என்று செடி மேலேயே வேர் விடப் பார்க்கிறது.

தண்ணீர் குறைந்து வாடுவதையும் அதிகமாகி வாடுவதையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

இலையைத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் போதாத இலை மெலிந்து காகிதம் மாதிரி இருக்கும், ஓரம் மொறுமொறுவென்று காயும். தண்ணீர் அதிகமான இலை மெத்தென்று கனமாக, காம்போடு சேர்ந்து தொங்கும்.

இலை ஏமாற்றலாம், பையின் எடை ஏமாற்றாது. பையின் ஓரத்தைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றிய அன்று ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டால் கைக்கு அந்த வித்தியாசம் பழகிவிடும். தூக்க முடியாத பெரிய தொட்டி என்றால், இட்லி வெந்ததா என்று குத்திப் பார்ப்பது மாதிரி ஒரு காய்ந்த குச்சியை ஓரமாக அடி வரை இறக்கி, சில நிமிடம் விட்டு எடுங்கள். ஈரமாக, மண் ஒட்டி வந்தால் இன்று தண்ணீர் வேண்டாம்.

பார்க்கும் நேரமும் முக்கியம். சித்திரை, வைகாசியில் மதியம் ஒரு மணிக்கு எந்தத் தக்காளியும் தொங்கத்தான் செய்யும். சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும். அது நோயும் இல்லை, தாகமும் இல்லை. காலை ஆறரை மணிக்கும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். மதிய வாட்டத்தைப் பார்த்துப் பதறி ஒரு வாளி ஊற்றுவதில்தான் முக்கால்வாசிப் பேருக்குப் பிரச்சினையே ஆரம்பிக்கிறது.

கடையில் விற்கும் ஈரம் காட்டும் கருவியைப் பற்றியும் கேட்கிறார்கள். மலிவான கம்பிக் கருவிகள் மண்ணில் உள்ள உப்பையும் சேர்த்தே அளக்கும். தென்னைநார்க் கழிவு நிறைந்த பையில் அது சொல்வதை நம்பாதீர்கள். விரலே போதும்.

தினமும் ஒரு டம்ளர்தான் ஊற்றுகிறேன். அது எப்படி அதிகமாகும்?

அளவைவிட இடைவெளிதான் பிரச்சினை. ஒரே தடவையில் இரண்டு லிட்டர் ஊற்றி, அடியில் வழிந்து ஓட விட்டு, மூன்று நாள் தொடாமல் இருந்தால் செடிக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர் இறங்கும்போது பின்னாலேயே காற்றும் உள்ளே வரும். தினமும் ஒரு டம்ளர் ஊற்றினால் மண்ணுக்குக் காயவே வாய்ப்பில்லை.

இதில் தென்னைநார்க் கழிவு, அதாவது கோகோ பீட், ஒரு பொல்லாத ஆள். தன் எடையைப்போல் எட்டு, பத்து மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் மேல்பரப்பு அரை நாள் வெயிலிலேயே வெளிறிப் பொடியாகிவிடும். மேலே பார்த்தால் பாலைவனம், இரண்டு அங்குலம் கீழே சதுப்பு நிலம். மேலே காய்ந்ததைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுபவர்கள் கோகோ பீட் பையில் கட்டாயம் அதிகமாகத்தான் ஊற்றுவார்கள். சுட்டுவிரலை இரண்டாம் கணு வரை உள்ளே விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் தட்டினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

செடியின் அளவையும் பார்க்க வேண்டும். நாலு இலை விட்ட மிளகாய் நாற்றைக் கொண்டுபோய் இருபது லிட்டர் பையில் நட்டால், அது குடிப்பது ஒரு மடக்கு, பை பிடித்து வைப்பது ஒரு குடம். நாற்றைச் சின்னக் கப்பில் வளர்த்து, வேர் பிடித்த பிறகு மாற்றுங்கள்.

மஞ்சள் எல்லாம் ஒரே மஞ்சள்தானா?

இல்லை. எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள்.

அடி இலைகள் முதலில் முழுசாக வெளிறி மஞ்சளாகி, அப்படியே மேலே ஏறினால் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைவு. தண்ணீர் தேங்கிய பையில் இது இயல்பு. வேர் சத்தை எடுக்கவில்லை, கொஞ்சம் அடித்துக்கொண்டு போய்விட்டது, காற்றில்லாத மண்ணில் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்கள் வாயுவாக்கிப் பறக்க விட்டுவிட்டன. செடி பழைய இலையிலிருந்து தழைச்சத்தை எடுத்துப் புதுத் துளிருக்கு அனுப்புகிறது.

நுனித் துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை என்று பொருள். உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர்வெல் தண்ணீரையே தொடர்ந்து ஊற்றும் வீடுகளில் இதைப் பார்க்கலாம். இரும்பு மண்ணிலேயே இருக்கும், ஆனால் காரத்தன்மையால் கரையாமல் கிடக்கும். ஓயாத ஈரமும் சேர்ந்தால் வேர் அதை எடுக்கவே எடுக்காது.

ஒரு பக்கக் கிளை மட்டும், அல்லது ஒரே இலையில் ஒரு பாதி மட்டும் மஞ்சளானால் ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வாடல் நோயைச் சந்தேகியுங்கள். அடித்தண்டை நகத்தால் கீறினால் உள்ளே பழுப்புக் கோடு ஓடும். அதற்கு மருந்தைத் தேடி அலைய வேண்டாம், செடியை எடுத்துவிடுவதே நல்லது.

தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று உறுதியாகத் தெரிகிறது. இன்றைக்கே என்ன செய்ய வேண்டும்?

தண்ணீரை நிறுத்துங்கள். அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். தட்டில் நிற்கும் தண்ணீர் கீழே போகாது, மேலே ஏறும்.

பையைத் தரையிலிருந்து தூக்கி இரண்டு செங்கல்லின் மேல் வையுங்கள். தரையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் பையின் ஓட்டைகள் பாதி அடைத்துத்தான் இருக்கும். ஓட்டையில் குச்சியை விட்டுப் பாருங்கள், சேறோ வேர்க் கொத்தோ அடைத்திருந்தால் நீக்குங்கள். பையின் பக்கவாட்டில், அடியிலிருந்து ஒரு அங்குலம் உயரத்தில் இன்னும் நாலு ஓட்டை போட்டாலும் தப்பில்லை.

அப்புறம் பையைச் சாய்த்து வையுங்கள். நேராக நின்றபோது வடிந்து முடிந்ததாகத் தோன்றிய பையை 45 டிகிரி சாய்த்துச் சுவரில் அணைத்து வைத்தால், கீழ் மூலையிலிருந்து மறுபடியும் தண்ணீர் சொட்டும். முதல் முறை பார்ப்பவர்கள் ஆச்சரியப்படுவார்கள். பையின் அடியில் எப்போதும் ஒரு ஈரப் படலம் தங்கி நிற்கும், சாய்க்கும்போது அதன் ஒரு பகுதி வெளியேறும். இன்னும் வேண்டுமானால் பழைய பருத்தி வேட்டியிலிருந்து ஒரு பட்டையைக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, ஒரு முனையை அடி ஓட்டைக்குள் திணித்து, மறுமுனையைக் கீழே தொங்க விடுங்கள். விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற வேலையை இது தண்ணீரில் செய்யும்.

இடத்தை மாற்றுவதாக இருந்தால் வெளிச்சமுள்ள, காற்றோட்டமான நிழலுக்கு மாற்றுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று உச்சி வெயிலில் வைப்பது தவறு. வேர் வேலை செய்யாத நேரத்தில் இலையிலிருந்து அதிக நீரை வெயில் பிடுங்கும். கறுப்புப் பை சூடானால் உள்ளே இருக்கும் தண்ணீரும் சூடாகும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும், ஆனால் சூட்டில் வேருக்கு ஆக்சிஜன் அதிகமாகத் தேவைப்படும். இரண்டு பக்கமும் அடி. ஐப்பசியில் மூன்று நாள் மழை விட்டு நாலாம் நாள் சுள்ளென்று வெயில் அடிக்கும்போது மிளகாய்ச் செடி ஒரே மதியத்தில் தொங்குவது இதனால்தான்.

காயும் பூவும் இருந்தால் பறித்துவிடுங்கள். மனசு வராது, தெரியும். ஆனால் இருக்கிற கொஞ்ச சக்தியும் வேருக்குப் போக வேண்டும்.

பையைப் பிரித்து வேரைப் பார்க்க வேண்டுமா?

உடனே வேண்டாம். மேலே சொன்னதைச் செய்து மூன்று, நாலு நாள் பாருங்கள். மண் காய ஆரம்பித்தும் செடி நிமிரவில்லை என்றாலோ, அடி ஓட்டையில் மூக்கை வைத்தால் அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலோ பிரித்துத்தான் ஆக வேண்டும். காற்றில்லாத மண்ணில் சில பாக்டீரியாக்கள் கந்தகத்தை வாயுவாக்குவதால் வரும் நாற்றம் அது.

பையைப் படுக்க வைத்து, பக்கவாட்டில் கத்தியால் கீறி, மண் கட்டியோடு செடியை வெளியே எடுங்கள். தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ பால் நிறத்திலோ, இழுத்தால் கெட்டியாகவும் இருக்கும். கெட்ட வேர் பழுப்பாக வழவழவென்று இருக்கும். அதைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து மெல்ல உருவுங்கள். மேல்தோல் அப்படியே கழன்று கையோடு வந்து, நூல் மாதிரி மெல்லிய நடுநரம்பு மட்டும் மிஞ்சினால் அது பித்தியம் வகை அழுகல். இந்தக் கிருமிக்குத் தண்ணீரில் நீந்திப் போகும் வித்துகள் உண்டு. அதனால்தான் தேங்கிய தண்ணீர் அதற்கு ராஜபாட்டை.

அழுகிய வேரை ஸ்பிரிட் தடவிய கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். வேரைக் குறைத்த அளவுக்கு மேலே கிளையையும் கொஞ்சம் குறைத்தால் செடிக்குச் சுமை குறையும். முன்பைவிடச் சின்னப் பையில், புதுக் கலவையில் நட்டு, ஒரு முறை அளவாகத் தண்ணீர் விட்டு நிழலில் வையுங்கள். பாதிக்கு மேல் வெள்ளை வேர் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். ஒன்றுமே இல்லையென்றால் புது விதை போடுவது மேல், தக்காளியை மூன்று மாதத்தில் திரும்பப் பார்த்துவிடலாம்.

பஞ்சகவ்யா, மீன் அமிலம், எப்சம் உப்பு... எது கொடுத்தால் பச்சை திரும்பும்?

எதுவும் வேண்டாம். மூச்சுவிட முடியாதவருக்கு விருந்து வைத்துப் பயனில்லை. சத்து மண்ணில் இல்லாததால் இலை மஞ்சளாகவில்லை, எடுக்கிற வேர் படுத்துவிட்டதால்தான் மஞ்சளாகிறது. உப்பு வகை உரத்தை ஊற்றினால் மண் நீரின் அடர்த்தி கூடி, அரைகுறை வேருக்கு நீரை இழுப்பது இன்னும் கஷ்டமாகும். பஞ்சகவ்யா, மீன் அமிலம் போன்ற சர்க்கரையும் புரதமும் நிறைந்த கரைசல் ஊற்றினால் நுண்ணுயிர்கள் பெருகி, மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். நல்ல நாளில் நல்ல உரம்தான் அவை, நான் குறை சொல்லவில்லை. இப்போது நேரம் சரியில்லை.

எப்சம் உப்பு வேறு, எந்த மஞ்சளுக்கும் ஒரு ஸ்பூன் என்று பரவிவிட்டது. அது மெக்னீசியம் தரும் உப்பு. மெக்னீசியம் குறைந்தால் அடி இலையில் நரம்பு பச்சையாகவும் நடுவே மஞ்சளாகவும் தெரியும், அதற்கு மட்டும்தான் அது பயன்படும்.

துளிர் பச்சையாக வர ஆரம்பித்து ஒரு வாரம் கழித்து, உரத்தை வழக்கமான அளவில் பாதியாக ஆரம்பியுங்கள்.

டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் ஊற்றலாமா?

முன்னது நன்மை செய்யும் பூஞ்சை, பின்னது நன்மை செய்யும் பாக்டீரியா. இரண்டும் வருமுன் காப்பவை. நடும்போது மக்கிய தொழுவுரத்தோடு கலந்து வைத்தால் நல்ல பலன் தரும். விதை நேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம் என்பது வேளாண்துறை வழக்கமாகச் சொல்லும் அளவு. நம் வீட்டுக்கு நாலு விதைதான், ஒரு சிட்டிகையில் புரட்டி எடுத்தால் போதும். ஆனால் சதசதவென்று இருக்கும் பையில் இதையும் கரைத்து இன்னொரு லிட்டர் ஊற்றுவது பிரச்சினையைக் கூட்டும். டிரைக்கோடெர்மாவுக்கும் உயிர் வாழக் காற்று வேண்டுமே. மண் காய்ந்து, அடுத்த தண்ணீர் விடும் முறை வரும்போது அந்தத் தண்ணீரோடு கலந்து விடுங்கள்.

நாற்றின் அடித்தண்டு அழுகிச் சாயும் நாற்றழுகல் நோய், நாற்றுத் தட்டு முழுக்கப் பரவுகிறது என்றால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து வேர்ப்பகுதியில் ஊற்றுவது வழக்கம். அதையும் டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், செம்பு நல்ல கிருமிகளையும் கொல்லும்.

மஞ்சளே ஆகவில்லை. பச்சையாக இருந்த கத்தரி ஒரே நாளில் தொங்கிவிட்டது. இதுவும் தண்ணீர்தானா?

இது வேறாக இருக்கலாம், உஷார். பாக்டீரியா வாடல் என்று ஒன்று உண்டு. தக்காளி, கத்தரி, மிளகாய்க் குடும்பத்துக்கே எமன். இலை மஞ்சளாகாது, பச்சையாகவே, வெந்நீர் ஊற்றின மாதிரி தொங்கும். முதல் நாள் இரவில் கொஞ்சம் நிமிர்ந்து ஆசை காட்டும், அடுத்த நாள் மதியம் மொத்தமாகச் சாய்ந்துவிடும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். மண்ணுக்கு மேலே தண்டை வெட்டி, மூன்று அங்குலத் துண்டு எடுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் சுத்தமான தண்ணீர் வைத்து, துண்டின் வெட்டுமுனை மட்டும் நீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள், அல்லது ஒரு கிளிப்பில் மாட்டித் தொங்க விடுங்கள். டம்ளருக்குப் பின்னால் கறுப்புத் துணி இருந்தால் நன்றாகத் தெரியும். சில நிமிடத்தில் வெட்டுமுனையிலிருந்து பால் மாதிரி வெள்ளை இழை மெல்லக் கீழே இறங்கினால் சந்தேகமே வேண்டாம், அது பாக்டீரியாக் கூட்டம். தண்ணீர் தெளிவாகவே இருந்தால் வேர் அழுகலையோ, அதிகத் தண்ணீரையோ பாருங்கள்.

இழை வந்தால் அந்தச் செடியையும் பையிலிருந்த மண்ணையும் மூட்டை கட்டி அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போட வேண்டாம். பக்கத்துப் பையில் வழிந்தோடிய தண்ணீர் கலந்திருந்தால் அதையும் கண்காணியுங்கள். வெட்டிய கத்தியைக் கழுவாமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள்.

வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு. வேப்பம்புண்ணாக்கு, ஊடே செண்டுமல்லி என்று அது தனிக் கதை.

மஞ்சளான இலையைக் கிள்ளிவிடலாமா?

முழுசாக மஞ்சளானது திரும்பப் பச்சையாகாது, கிள்ளலாம். பாதி பச்சை இருந்தால் விட்டுவிடுங்கள், அது இன்னும் உணவு தயாரித்துக்கொண்டிருக்கிறது.

எத்தனை நாளில் தேறும்?

வேர் அழுகாமல் வெறும் மூச்சுத்திணறல்தான் என்றால் மண்ணில் காற்று புகுந்த இரண்டு, மூன்று நாளில் இலை நிமிரும். மஞ்சள் அதற்குப் பிறகும் சில நாள் கூடும், பயப்படாதீர்கள். பழைய இலையைப் பார்த்து முடிவு செய்யாமல் நுனியைப் பாருங்கள். புதுத் துளிர் நல்ல நிறத்தில் வந்தால் பிழைத்துவிட்டது. வேரை வெட்டி மாற்றி நட்ட செடிக்கு இரண்டு, மூன்று வாரம் பொறுமை வேண்டும்.

தொட்டியின் அடியில் ஜல்லி, ஓட்டுச்சில் போட்டால் தண்ணீர் நன்றாக வடியுமாமே?

தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். ஓட்டையை மண் அடைக்காமல் இருக்க ஒரே ஒரு ஓட்டுச்சில் வைப்பது நல்லதுதான். ஆனால் நாலு அங்குலம் ஜல்லி பரப்பினால் தண்ணீர் சீக்கிரம் வடியாது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. மண் முழுக்கத் தண்ணீரில் ஊறிய பிறகுதான் சொட்ட ஆரம்பிக்கும். அதனால் அடியில் தங்க வேண்டிய ஈரப் படலம் ஜல்லிக்கு மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து உட்காரும். வேர் வளர வேண்டிய ஆழமும் நாலு அங்குலம் போய்விடும், மாடிக்கு எடை வேறு.

ஈரப் படலத்தின் உயரத்தைத் தீர்மானிப்பது கலவைதான். அதே கலவையை அகலமான குட்டைத் தொட்டியில் போட்டால் பாதி மண் சதுப்பாக இருக்கும், உயரமான பையில் போட்டால் அடி மட்டும்தான் ஈரமாக இருக்கும். கொள்ளளவு ஒன்றாக இருந்தால் தக்காளி, மிளகாய்க்கு உயரமான பையைத் தேர்ந்தெடுங்கள்.

கலவையைப் பொறுத்தவரை செம்மண், கோகோ பீட், மண்புழு உரம் சம அளவு என்பது பரவலான கணக்கு. மழைக்காலத்துக்கு நடும்போது கோகோ பீட்டைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் நெல் உமியோ கருகிய உமியோ சேர்ப்பதுதான் எனக்குப் பிடித்தது. மலிவு, எடையில்லை, இடைவெளி நிலைக்கும். வெறும் செம்மண்ணை மட்டும் பையில் நிரப்பாதீர்கள், நாலு தண்ணீருக்குப் பிறகு செங்கல் ஆகிவிடும்.

மழையை நான் என்ன செய்ய முடியும்?

ஒரு கணக்கைப் பாருங்கள். 30 செ.மீ. அகலமுள்ள வட்டப் பையில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 7 லிட்டர் தண்ணீர் விழுகிறது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையைச் சுற்றிக்கொண்டு நின்றபோது இதைப்போலப் பல மடங்கு பெய்தது. ஓட்டை நன்றாக இருந்த பை பிழைத்தது, அடைத்திருந்த பை குளமானது.

நிழல்வலை மழையைத் தடுக்காது, துளியை உடைத்துச் சாரலாக்கும், அவ்வளவுதான். புரட்டாசி முடிவதற்குள் எல்லாப் பைகளின் ஓட்டைகளையும் ஒரு முறை பாருங்கள். மாடித் தண்ணீர் போகும் குழாய் வாயில் சருகு அடைத்திருந்தால் எடுங்கள். தரையில் ஒரு அங்குலம் தண்ணீர் நின்றால் எந்த ஓட்டையும் வேலை செய்யாது. பெருமழை அறிவிப்பு வந்தால் பைகளைச் சுவரோரம் சாய்த்து வையுங்கள், அல்லது மண்ணின் மேல் ஒரு பாலிதீன் தாளை மூடிபோல் கட்டுங்கள். மழை நின்றதும் தாளை எடுக்க மறக்காதீர்கள்.

மழை தழைச்சத்தைக் கரைத்துக் கொண்டுபோய்விடும் என்பதும் உண்மை. அதனால் பை ஓரளவு காய்ந்தபின் ஒரு கை மண்புழு உரம் மேலாகத் தூவலாம்.

காலையில் நான் ஊற்றுகிறேன். நான் ஆபீஸ் போனதும் மாமியாரும் ஊற்றிவிடுகிறார். எப்படிச் சொல்வது?

இதற்கு உரக்கடையில் மருந்து இல்லை. ஆனால் துணி காயப்போடும் கிளிப் உதவும். தண்ணீர் ஊற்றியவர் பையின் விளிம்பில் கிளிப்பை மாட்டிவிட வேண்டும், மண்ணில் விரல் விட்டுக் காய்ந்திருப்பதைப் பார்த்தபின்தான் கிளிப்பை எடுத்துவிட்டு ஊற்றலாம். யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. மாமியாருக்கு ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கொத்தமல்லிக்கும் கீரைக்கும் பக்கத்தில் ஒரு தொட்டியில் சேப்பங்கிழங்கோ வல்லாரையோ வைத்துக் கொடுங்கள். எவ்வளவு ஊற்றினாலும் தாங்கும்.

சொட்டுநீர் டைமர் வைத்திருக்கிறேன். அதிலும் மஞ்சளாகிறதே?

கோடையில் வைத்த நேரத்தை மழைக்காலத்தில் மாற்றியிருக்க மாட்டீர்கள். டைமருக்கு வானம் தெரியாது.

மண்ணின் மேல் பச்சைப் பாசி, கொசு மாதிரி சின்னக் கறுப்புப் பூச்சி பறக்கிறது.

இரண்டும் மேல்மண் காய்வதே இல்லை என்பதற்குச் சாட்சி. அந்தப் பூச்சியின் புழு ஈர மண்ணில் இருந்துகொண்டு மக்கியதையும் இளம் வேரையும் தின்னும். பெரிய செடிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, நாற்றுத் தட்டில் சேதம் செய்யும். மஞ்சள் ஒட்டுப்பொறியை மண்ணுக்கு அருகில் வையுங்கள், மேல் இரண்டு அங்குலத்தைக் காய விடுங்கள், பாசியைச் சுரண்டிக் கிளறிவிடுங்கள்.

கறிவேப்பிலை மார்கழியில் மஞ்சளாகிக் கொட்டுகிறது. தண்ணீரைக் கூட்டவா?

குறையுங்கள். குளிர் மாதங்களில் கறிவேப்பிலை கொஞ்சம் தூங்கும், பழைய இலையைக் கொட்டும், துளிர் விடாது. குடிப்பதும் குறைவு. அப்போது தண்ணீரையும் மோரையும் கூட்டினால் தூங்குகிற செடி எழுந்திருக்காது. மாசி, பங்குனியில் வெயில் ஏறும்போது நுனியை வெட்டிவிட்டு உரம் வையுங்கள், தானாக வெடித்துத் துளிர்க்கும்.

பப்பாளியை மட்டும் மிகக் கவனமாகப் பாருங்கள். இரண்டு நாள் வேர் தண்ணீரில் நின்றாலே படுத்துவிடும், நாலு நாளானால் பெரும்பாலும் மீளாது. மழைக்கால நீர் நிற்கும் இடத்தில் பப்பாளி வேண்டவே வேண்டாம்.

செத்த செடியின் மண்ணை மறுபடி பயன்படுத்தலாமா?

வெறும் தண்ணீர்த் தேக்கம்தான் காரணம் என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். கொட்டிப் பரப்பி, கட்டிகளை உடைத்து, இரண்டு நாள் காயப்போட்டு, உமியும் மக்கிய உரமும் சேர்த்து நிரப்புங்கள்.

வேர் அழுகல் இருந்த மண்ணைச் சித்திரை வெயிலுக்கு எடுத்து வையுங்கள். லேசாக ஈரப்படுத்தி, மாடித் தரையில் ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, கண்ணாடி மாதிரி தெரியும் பாலிதீன் தாளால் மூடி, ஓரம் முழுக்கச் செங்கல் வைத்து நாலு முதல் ஆறு வாரம் விட்டுவிடுங்கள். கறுப்புத் தாள் அவ்வளவு சூடு ஏற்றாது. அதன் பிறகும் முதல் தடவை அதில் தக்காளிக் குடும்பத்தை வைக்காமல் வெண்டையோ கொத்தவரையோ போடுங்கள். பால் இழை வந்த பையின் மண்ணுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.